சண்டை ஜிம்மில் சேர்பவர்களில் எத்தனை பேர் போட்டிக்குப் போகிறார்கள்? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் குத்துச்சண்டை, கிக்பாக்ஸிங், ஜூடோ, டேக்வாண்டோ, கராத்தே, ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்தவர்களும் சேரப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்பதும் இதில் உண்டு.

நூறு பேர் சேர்ந்தால் எத்தனை பேர் மேடை ஏறுவார்கள்?

எதால் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்குக்காக ஒரு ஜிம்மை வைத்துக்கொள்வோம். வருடத்தில் 100 பேர் சேர்க்கைப் படிவம் நிரப்புகிறார்கள். எந்த மாதம் பார்த்தாலும் 40 பேர் பீஸ் கட்டுகிறார்கள். ஸ்பாரிங் (இருவர் எதிரெதிரே நின்று ஆடும் பயிற்சிச் சண்டை) நாளன்று 12 பேர் வருகிறார்கள். அந்த வருடம் 5 பேர் போட்டிக்குப் போனார்கள். விகிதம் 5 சதவீதம் என்று சொல்லலாம், 12.5 என்று சொல்லலாம், 42 என்றும் சொல்லலாம். மூன்றும் பொய்யில்லை. நோட்டீஸில் எந்த எண்ணை அச்சடிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஜிம்மை எடைபோட வேண்டுமென்றால் வேறொன்றைக் கேளுங்கள்: போட்டிக்குப் போனவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை போனார்கள்? முதல் பவுட்டுக்கு, அதாவது முதல் போட்டி ஆட்டத்துக்கு, யாரையும் உசுப்பேற்றி அனுப்பிவிடலாம். கோச்சின் வற்புறுத்தல், நண்பர்களின் பந்தயம், அப்பாவின் ஆசை, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். அடி எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகும் ஒருவர் மறுபடி பெயர் கொடுக்கிறார் என்றால், முதல் முறை அவரைச் சரியாகத் தயார்செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐந்து பேர் போய் ஐந்து பேரும் அதோடு நின்றுவிட்டால் அந்த ஜிம்மில் ஏதோ கோளாறு.

எல்லா விளையாட்டிலும் இதே நிலைதானா?

இல்லை. கராத்தே, டேக்வாண்டோவில் பிள்ளைகள் கூட்டம் அதிகம், வயதுப் பிரிவுகளும் பெல்ட் பிரிவுகளும் ஏராளம். கராத்தேயில் யாரையும் தொடாமலே கட்டா பிரிவில் (எதிராளி இல்லாமல் அசைவு வரிசையைச் செய்து காட்டுவது) கலந்துகொள்ளலாம். அதனால் போட்டிக்குப் போகும் விகிதம் இங்கேதான் உயர்ந்து நிற்கிறது. ஜூடோ, ஜியு-ஜிட்சுவில் தலையில் குத்து விழாது. ஜியு-ஜிட்சுவில் வெள்ளை பெல்ட்காரர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, பெரியவர்களுக்கு 5 நிமிட ஆட்டம். முப்பது வயதில் சேர்ந்த வங்கி ஊழியர்கூட ஆறு மாதத்தில் துணிந்து இறங்குகிறார். குத்துச்சண்டையிலும் முழு பலத்தோடு அடிக்கும் ஃபுல் கான்டாக்ட் கிக்பாக்ஸிங்கிலும்தான் விகிதம் சரிகிறது. கிக்பாக்ஸிங்கில் பாயிண்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட் என்று மெத்தை மேல் நடக்கும் பிரிவுகள் இருக்கின்றன. பயந்தவர்களுக்கு அவை நல்ல முதல் படி.

மலையில் போட்டியாளர்கள் குறைவாக இருக்கக் காரணம்?

ஆள் கணக்கு முதல் காரணம். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,35,394. பக்கத்துக் கோவை 34 லட்சத்தைத் தாண்டியது. வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பின் இப்போதைய பட்டியலில் ஆண்களுக்கு 50, 55, 60, 65, 70, 75, 80, 85, 90, 90-க்கு மேல் என்று பத்து எடைப் பிரிவுகள். பெண்களுக்கு 48-இல் தொடங்கி இன்னொரு பத்து. இதோடு வயதுப் பிரிவுகள் வேறு. கையிலிருக்கும் நாற்பது ஐம்பது பேரை இத்தனை கட்டங்களில் பிரித்தால் பல கட்டத்தில் ஒரே ஆள்தான் நிற்பார்.

எதிராளி இல்லாவிட்டால் வாக்ஓவர். ஒரு குத்துகூட விடாமல் கழுத்தில் மாவட்டத் தங்கம் விழுந்துவிடும். அதை நம்பிக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போகும் பையன் அங்கே முதல் சுற்றில் இருபது பவுட் ஆடியவனிடம் மாட்டுகிறான். பதக்கப் படம் அனுப்பும் ஜிம்மிடம் "எத்தனை பவுட் ஆடி வாங்கியது?" என்று கேட்பதில் தவறே இல்லை.

மாவட்டத் தேர்வுக்கு முன் உங்கள் எடையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு ஜிம்களோடு பேசி இரண்டு மூன்று நட்பு பவுட்டாவது ஆட வைக்க வேண்டும். அறிமுகமில்லாதவரின் கை வேகம் வேறு மாதிரி இருக்கும். தினமும் ஒரே ஆளோடு ஸ்பாரிங் செய்பவருக்கு அது பிடிபடாது.

சேர்ந்தவர்கள் எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள்?

மூன்று இடங்களில். முதல் மாதம் ஸ்கிப்பிங்கும் அடி வைப்பதுமாகவே போகும்போது சலிப்பில் சிலர் நிற்கிறார்கள். அது பெரிய இழப்பில்லை. ஏப்ரல், மே சீசனில் லாட்ஜ், டாக்ஸி, கடை வேலை பார்ப்பவர்கள் காணாமல் போகிறார்கள். அவர்களில் பாதிப் பேரை ஜூன் மழை திரும்ப வரவிடாது. மாலை ஏழு மணிக்குப் பிறகு கடைசி பஸ் கவலையும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது இடம் முதல் ஸ்பாரிங். மூக்கில் ஒரு குத்து, கண்ணில் தண்ணீர், அடுத்த வாரம் ஆள் இல்லை. இதில் பெரும்பாலும் தவறு ஜிம் பக்கம்தான். புதியவரைப் புதியவரோடு விட்டால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு வீசுவார்கள், முகத்தைத் திருப்புவார்கள், முகவாயைத் தூக்குவார்கள். செய்ய வேண்டியது இது: 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட்கார்டு, மவுத்கார்டு போட்டு, அனுபவசாலி ஒருவரை எதிரே நிறுத்துங்கள். 30 நொடி அவர் ஜேப் (முன்கையால் நேராக விடும் குத்து) மட்டும், அதுவும் நெற்றியை நோக்கி, தொடும் வேகத்தில். புதியவர் அதைத் தட்டிவிடுவது மட்டும். அடுத்த 30 நொடி மாற்றிக்கொள்ளலாம். கண் திறந்திருக்கிறதா என்று மட்டும் கோச் பார்த்தால் போதும். ஆறேழு வகுப்பு இப்படி ஓட்டிய பிறகு இரண்டு கைக்கும் அனுமதி. இந்த ஒரு மாதத்தை ஒதுக்கும் ஜிம்மில் ஆள் நிற்கிறார்கள்.

முதல் பவுட்டுக்கு எத்தனை மாதம் வேண்டும்?

வாரம் நான்கு ஐந்து நாள் வருபவருக்கு 8 முதல் 12 மாதம். மூன்று மாதத்தில் மேடை ஏற்றுகிறேன் என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். பெரியவர்களுக்கு அமெச்சூர் குத்துச்சண்டை 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, இடையில் 1 நிமிட ஓய்வு. காகிதத்தில் சின்னதாகத் தெரியும். மூன்றாவது ரவுண்டில் கையைக் கன்னத்துக்குத் தூக்கவே முடியாமல் போவதுதான் நடக்கும்.

நாங்கள் வைக்கும் பரீட்சை எளிது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் களைப்பில்லாத புது ஆளை எதிரே அனுப்புவோம். மூன்றாவது ரவுண்டின் கடைசி ஒரு நிமிடத்திலும் கை முகத்தருகே இருக்கிறதா, கோச் சொல்வது காதில் விழுகிறதா என்று பார்ப்போம். இரண்டும் இருந்தால் பெயர் கொடுக்கலாம். தேதி தெரிந்ததும் எட்டு வாரத் தயாரிப்பு, அதில் கடுமையான ஸ்பாரிங் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், கடைசி பத்து நாளில் அதுவும் கிடையாது. பவுட்டுக்கு மூன்று நாள் முன்னால் புருவம் கிழிந்து வீட்டில் உட்காருபவர்களெல்லாம் "கடைசியா ஒரு ரவுண்டு" ஆடியவர்களே.

மலைக்காற்றில் பயிற்சி எடுத்தால் கீழே சுலபமாக ஜெயிக்கலாமாமே?

பாதி உண்மை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கேயே வாழ்பவருக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்றுக் கூடும், கீழே இறங்கியதும் மூச்சு இலகுவாக இருக்கும். ஆனால் இரும்புச்சத்து இல்லாத உடம்பில் உயரம் மட்டும் இரத்தத்தை ஊற வைக்காது. பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிடின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை) இரண்டையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அந்த இலாபத்தைக் கீழே வெயில் பிடுங்கிக்கொள்ளும். ஏப்ரலில் ஊட்டியில் பகலில் 22, 23 டிகிரி இருக்கும்போது கோவையில் 36-ஐத் தாண்டும். மலைவாசி உடம்புக்கு வேர்க்கத் தெரியாது. வேர்வை தாமதமாக வரும், இதயம் வேகமாக அடிக்கும், இரண்டாவது ரவுண்டில் கால் துவளும். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அவ்வளவு நாள் தங்க வசதியில்லாதவர்கள் நான்கைந்து நாள் முன்னதாகவாவது மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் தங்கி மதிய நேரத்தில் லேசாக ஓடட்டும்.

மலைதான் வீரர்களை உருவாக்குகிறது என்பதற்கு மணிப்பூரைக் காட்டுவார்கள். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற டிங்கோ சிங், மேரி கோம் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஆனால் இம்பால் பள்ளத்தாக்கின் உயரம் 800 மீட்டர்கூட இல்லை, நம் கூடலூரைவிடத் தாழ்வு. 2008-இல் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங்கின் ஊரான ஹரியானாவின் பிவானி சமவெளி. அந்த இரண்டு ஊரிலும் இருந்தது கூடம், கோச், ஒரே எடையில் அடித்துக்கொள்ளப் பத்துப் பேர். நமக்கு இல்லாதது அதுதான்.

எடை எவ்வளவு குறைக்கலாம்?

18 வயதுக்குக் கீழே என்றால் குறைக்கவே கூடாது. இருக்கும் எடைக்கு எந்தப் பிரிவோ அதில் ஆடட்டும். பெரியவர்களும் முதல் பவுட்டுக்கு எடை இறக்க வேண்டாம். 62 கிலோ இருப்பவர் 60-க்கு ஆசைப்படாமல் 65-இல் இறங்குவதே சரி. குத்துச்சண்டையில் ஆடும் நாள் காலையில்தான் எடை போடுவார்கள். எடை முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி என்பது விதி. இழந்த நீரை உடம்பு அதற்குள் மீட்காது. நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது ஆபத்து.

குளிரில் வேர்க்கவில்லை என்று பிளாஸ்டிக் கோட் மாட்டிக்கொண்டு தொட்டபெட்டா ரோட்டில் ஓடுகிறார்கள். அதில் இறங்குவது கொழுப்பு இல்லை, தண்ணீர். ஒரு கிலோவுக்குள் இடித்தால் இதைச் செய்யுங்கள்: கடைசி இரண்டு நாள் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், கீரையை நிறுத்திவிட்டு வெள்ளைச் சோறு, முட்டை, தயிர், மீன் என்று சக்கை குறைந்த சாப்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள். குடலில் நிற்கும் சக்கை குறைந்தாலே அரை கிலோ முதல் ஒரு கிலோ இறங்கும். ஊட்டிக் காய்கறியைத் தின்னாதே என்று ஊட்டிக்காரரிடமே சொல்வது கஷ்டம்தான், இரண்டே நாள்.

ஜியு-ஜிட்சு ஆடுபவர்கள் கவனிக்க: பல போட்டிகளில் ஆட்டத்துக்குச் சற்று முன்னால் உடுப்போடு எடை போடுவார்கள். அந்தக் கனத்த உடுப்பே ஒன்றரை, இரண்டு கிலோ வரும். வீட்டிலும் அதைப் போட்டுக்கொண்டே எடை பாருங்கள்.

குளியலறை தராசை நம்பிக் கெட்டவர்கள் நிறைய. பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் இடத்தில் உள்ள மின்னணுத் தராசில் அரசு முத்திரை இருக்கும். அதில் ஒரு முறை ஏறி, உங்கள் தராசு எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று காலையிலேயே கிளம்பிப் போகலாமா?

வேண்டாம். முந்தின நாளே இறங்கிவிடுங்கள். குன்னூர்-மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றோடு அதிகாலை பஸ்ஸில் இறங்கி வாந்தி எடுத்துவிட்டு எடை போட நிற்பவருக்கு எடை சரியாக இருக்கும், ஆளிடம் தெம்பு இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர் பாதையில் மண் சரிவு எந்த இரவும் நடக்கலாம். கோத்தகிரி வழியையும் மனதில் வையுங்கள். எடை முடிந்ததும் இட்லி, வாழைப்பழம், ஓஆர்எஸ் கரைசல். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மண்டபத்துக்கு வெளியே விற்கும் பிரியாணி ஆட்டம் முடிந்த பிறகு.

என்னென்ன சாமான் சொந்தமாக வேண்டும்?

மவுத்கார்டு, ஹேண்ட்ராப் (கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணி), ஆண்களுக்கு அடிவயிற்றுக் காப்பு. போட்டி கிளவுஸை நடத்துபவர்களே தருவதுதான் வழக்கம். எடைப் பிரிவைப் பொறுத்து 10 அல்லது 12 அவுன்ஸ். ராப் 2.5 மீட்டருக்குக் குறையாமலும் 4.5 மீட்டருக்கு மிகாமலும் இருக்கட்டும். மவுத்கார்டு சிவப்பு நிறத்தில் வேண்டாம். இரத்தம் கசிவது நடுவருக்குத் தெரியாது என்பதால் அனுமதிக்க மாட்டார்கள்.

வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் மவுத்கார்டில் ஒரு மலைச் சிக்கல் உண்டு. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுபோவதற்குள் இன்னும் ஆறிவிடும். அட்டையில் போட்ட நேரம் போதாது. அடுப்புப் பக்கத்திலேயே நின்று, சில நொடி கூடுதலாக விட்டு, எடுத்துக் குளிர்ந்த நீரில் ஒரு நொடி காட்டி, வாயில் வைத்துக் கடித்து உறிஞ்சுங்கள். வாயைத் திறந்தால் மேல்பல்லை விட்டு விழக்கூடாது. விழுந்தால் மறுபடி செய்யலாம், ஆனால் மூன்றாவது முறை தேய்ந்து மெலிந்துவிடும்.

மழை மாதங்களில் கிளவுஸ் காயாது. பையில் மூடி வைத்தால் நான்கே நாளில் பூஞ்சை. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரவில் ஒரு முறை மாற்றி, வாயை விரித்துத் தொங்க விடுங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும்.

படர்தாமரை இருந்தால் ஆட விடுவார்களா?

ஜூடோ, ஜியு-ஜிட்சு, மல்யுத்தம் போன்ற உடம்போடு உடம்பு உரசும் விளையாட்டில் மருத்துவர் பார்த்தாலே நிறுத்திவிடுவார், அதுவே நியாயம். மெத்தை வழியாக ஜிம் முழுக்கப் பரவும். கடையில் கேட்டு வாங்கும் கிரீம்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே வளரும், விளிம்பு அகலும். தோல் மருத்துவரிடம் காட்டி, சொன்ன வாரங்கள் முழுக்கப் பூசி முடியுங்கள். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே உடம்பைக் கண்ணாடியில் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

சளி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடலாமா?

மலையில் யாருக்குத்தான் சளி இல்லை. ஆனால் ஊக்கமருந்துச் சோதனை உள்ள தேசிய அளவுப் போட்டி என்றால் அட்டையைப் படியுங்கள். சூடோஎபிட்ரின் போட்டி நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் குற்றம். ஆஸ்துமா இன்ஹேலரில் சால்புடமால் அளவோடு அனுமதி உண்டு. விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போட்டிக் காலத்தில் தடை. மருத்துவரிடம் "நான் போட்டி ஆடுபவன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

தலையில் பலமாக அடிபட்டால்?

அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மயக்கம் வராவிட்டாலும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், இரண்டு கண்மணியும் சமமில்லாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. அமெச்சூர் குத்துச்சண்டை விதிகளில் நாக்அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் தடை. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது என்றால் 90 நாள். 12 மாதத்தில் மூன்று என்றால் ஒரு வருடம். இந்தத் தடை ஜிம் ஸ்பாரிங்குக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் வாங்கிய நாக்அவுட்டை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதுவதில்லை என்பதால் கோச்சின் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு வாய்ப்பு எப்படி?

ஆட்கள் குறைவு என்பதால் மாநில அளவுக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம். அதே காரணத்தால் பழக எதிராளி கிடைப்பது கஷ்டம். தன்னைவிட ஐந்து கிலோ குறைந்த பையனோடு, அவன் கட்டுப்பாடு தெரிந்தவனாக இருந்தால், ஸ்பாரிங் செய்வது பயன் தரும். மாதவிடாய்க்கு முன் உடம்பில் நீர் தங்கி ஒரு கிலோ வரை ஏறலாம். எடைப் பிரிவைத் தேர்வு செய்யும்போது காலண்டரைப் பாருங்கள்.

சான்றிதழால் வேலை கிடைக்குமா?

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாவட்டச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அதை எதிர்பார்க்க வேண்டாம். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த சம்மேளனம் நடத்தியதா என்பதுதான் முதல் கேள்வி. கராத்தேயிலும் கிக்பாக்ஸிங்கிலும் "ஓபன் நேஷனல்", "இன்டர்நேஷனல்" என்ற பெயரில் பணம் கட்டினால் யாரும் ஆடக்கூடிய போட்டிகள் தெருவுக்குத் தெரு நடக்கின்றன. அனுபவத்துக்குப் போகலாம், தவறில்லை. வேலைக்கு என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் கேட்டால் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்புப் போட்டிகளையும் முதலமைச்சர் கோப்பையையும் முதலில் பார்க்கட்டும்.

பெயர் கொடுக்க என்ன ஆவணம் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மருத்துவத் தகுதிச் சான்று, 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. வயதுப் பிரிவைப் பெரும்பாலும் பிறந்த வருடத்தை வைத்துத்தான் போடுவார்கள், மாதத்தை வைத்து இல்லை. ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் தேதி மாறியிருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். எடை போடும் மேசையில் நின்றுகொண்டு அதைத் திருத்த முடியாது.